சைக்கிள் விழுந்ததா? முதலில் ஹேங்கரைப் பாருங்கள், திருகாணியை அல்ல

வலப்பக்கமாக விழும் கியர் சைக்கிளில் பெரும்பாலும் அடிபடுவது, செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் பின் டிரெய்லியர்தான். திருகோணமலையில் நிலாவெளி வீதியோர மணலில் சறுக்கினாலும், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் குறுக்கே வந்து திடீரென்று பிரேக் பிடித்து விழுந்தாலும் விளைவு ஒன்றுதான். வெளியே ஒரு கீறல் தெரியும். உள்ளே, டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் சற்று வளைந்திருக்கும். கியர் ஒழுங்காக விழவில்லை என்றதும் பலர் திருப்புளியை எடுத்து, டிரெய்லியர் இரு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை வைக்கும் எச், எல் திருகாணிகளைத் திருகத் தொடங்குகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். விழுந்த வேகத்தில் திருகாணி தானாகச் சுழலாது. நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாறியது டிரெய்லியர் நிற்கும் கோணம். அதை நிமிர்த்தாமல் திருகாணியை மாற்றினால், ஒரு பிழை இரண்டாகும்.

விழுந்த இடத்தில் உடனே ஏறி மிதிக்காதீர்கள். ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருந்தால், மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டிரெய்லியரின் கூடு, அதாவது செயின் ஓடும் இரண்டு குட்டிச் சில்லுகளைத் தாங்கும் பகுதி, பின் சில்லுக் கம்பிக்குள் மாட்டும். அரைச் சுற்று போதும்: ஹேங்கர் முறியும், டிரெய்லியர் பிய்யும், கம்பிகளும் போகும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் எல்லோரும் தேடுவது அந்தக் கியரைத்தான், ஆகவே சரிபார்க்கும்வரை ஏற்றத்தில் இறங்கி உருட்டுங்கள். சமதரையில் நடுப் பல்சக்கரத்திலேயே வைத்து, கியர் மாற்றாமல் மெல்ல வீடு சேரலாம். கூடு ஏற்கெனவே கம்பியைத் தொடுகிறது என்றால் ஓட்டோவில் ஏற்றிவிடுவதுதான் புத்தி.

வீட்டில் முதல் வேலை, பின் சில்லு சட்டத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் நட்டைத் தளர்த்தி, நேராக்கி, மீண்டும் இறுக்குங்கள். ரிம் ஆடுகிறதா என்றும் சுற்றிப் பாருங்கள். இனி எடுக்கும் அளவெல்லாம் இந்தச் சில்லை வைத்துத்தான். பிறகு கேபிள் உறையின் முனை டிரெய்லியரில் இருக்கும், கேபிள் இறுக்கத்தை மாற்றும் பீப்பாய்த் திருகியை விட்டு வெளியே வந்திருக்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில வேளை கோளாறு இவ்வளவுதான்.

அடுத்து, சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். மேல் குட்டிச் சில்லும் கீழ்க் குட்டிச் சில்லும் பல்சக்கரங்களுக்குச் சமாந்தரமாக, ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உட்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. மேல் சில்லு நேராக நின்று கீழ்ச் சில்லு மட்டும் விலகியிருந்தால் வளைந்தது கூடு.

எந்த வகை ஹேங்கர் என்பதைப் பொறுத்தே மருந்து. பழைய ஜப்பான் சைக்கிள்கள் பலவற்றில் டிரெய்லியர் ஒரு தகட்டோடு சேர்ந்து பின் அச்சின் நட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கும். விழும்போது அந்தத் தகடு வளையாமல் இடம் மட்டும் நகர்ந்திருக்கக் கூடும். 15 மில்லிமீட்டர் சாவியால் நட்டைத் தளர்த்தித் தகட்டை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து இறுக்கினால் தீர்ந்தது. சட்டத்தோடு ஒன்றான இரும்பு ஹேங்கரை நம்பி நிமிர்த்தலாம். கழட்டி மாட்டும் அலுமினிய ஹேங்கரை ஒரு தடவை, அதுவும் சிறு வளைவு என்றால் மட்டுமே நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் அலுமினியம் வெடிக்கும். புரித் துளையைச் சுற்றியும் சட்டத்தோடு சேரும் கழுத்திலும் நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தட்டுப்பட்டால் நிமிர்த்த வேண்டாம், புதியதுதான். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஹேங்கர் வடிவங்கள் ஏராளம், கண்ணால் நினைவு வைத்து வாங்க முடியாது.

நிமிர்த்த அதற்கென்ற அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இன்னொரு பின் சில்லு போதும். 5 மில்லிமீட்டர் அலன் கீயால் டிரெய்லியரைக் கழட்டித் தொங்கவிடுங்கள். ஹேங்கர் துளையின் புரி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி. லீவரால் பூட்டும் பின் சில்லின் உட்துளை அச்சுக்கும் அதே புரிதான். லீவர்க் கம்பியை உருவிவிட்டு, பிரீவீல் இல்லாத பக்கத்து அச்சு முனையை ஹேங்கரில் திருகுங்கள். நட்டுப் போட்டுப் பூட்டும் அச்சுகள் பலவற்றின் புரி வேறு. கையால் சுலபமாக ஏறவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், துளை நாசமாகும். இப்போது இரண்டு ரிம்களும் அருகருகே நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என நாலு இடத்தில் இடைவெளியை அளந்து, வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் வரும்வரை வெளிச் சில்லை மெதுவாக அசைத்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பிறகு அளக்க வேண்டும். எட்டுக் கியர் தொகுதியில் பல்சக்கரங்களின் இடைவெளி 4.8 மில்லிமீட்டர், ஒன்பதில் 4.35, பத்தில் 3.95. கியர் கூடக் கூடச் சிறு வளைவும் தொல்லை கொடுக்கும்.

திருகோணமலையில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. டிரெய்லியர் போல்ட் ஹேங்கருக்குள் இறுகிப்போயிருந்தால் பலத்தைக் காட்டாமல், துருவிளக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது புரியில் கிரீஸ் பூசி, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள்.

இதன் பிறகே திருகாணி. சிறிய பல்சக்கரத்தில் கேபிளை விடுவித்து, மேல் குட்டிச் சில்லு அந்தப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே நிற்கிறதா பாருங்கள். விலகியிருந்தால் எச் திருகாணி. கேபிளை இழுத்துப் பூட்டி லீவரில் ஒரு கிளிக். செயின் இரண்டாவதில் ஏறத் தயங்கினால் பீப்பாய்த் திருகியை இடஞ்சுழியாகக் கால் சுற்று, தாண்டி ஓடினால் வலஞ்சுழியாக. பெரிய பல்சக்கரத்தில் குட்டிச் சில்லு அதன் மையத்துக்கு நேர் கீழே நின்று, அதற்கப்பால் கையால் தள்ளினாலும் போகாதபடி எல் திருகாணியை வையுங்கள். சாதாரண ஆறு, ஏழு, எட்டுக் கியர் சைக்கிளில் அந்தப் பல்சக்கரத்துக்கும் குட்டிச் சில்லுக்கும் இடையே 5 அல்லது 6 மில்லிமீட்டர் விடுங்கள். அதைக் கூட்டிக் குறைப்பது பின்புறத்து மூன்றாவது திருகாணி.

சிறிய பக்கம் சரிப்படுத்தினால் பெரிய பக்கம் கரகரக்கிறது, பெரியதைச் சரிப்படுத்தினால் சிறியது தாண்டுகிறது என்றால் ஹேங்கர் இன்னும் நேராகவில்லை, மறுபடி அளவுக்குப் போங்கள். செயின் முழுதாகச் சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை துள்ளினால் செயினில் ஒரு கண்ணி வளைந்திருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் குட்டிச் சில்லைக் கடக்கும்போது அது குதித்துக் காட்டும்.

கடைசிச் சோதனையைத் தரையில், ஆளை ஏற்றிச் செய்யுங்கள். தூக்கிப் பிடித்துச் சுற்றும்போது ஒழுங்காக ஓடும் கியர், பாரம் ஏறியதும் கம்பியைத் தொடக்கூடும். கழட்டும் வகை ஹேங்கர் என்றால் வாங்கும்போதே இரண்டாக வாங்கி, ஒன்றைப் போல்ட்டோடு சீற்றின் கீழ்ப் பையில் போட்டுவையுங்கள். கிண்ணியாப் பக்கம் போய் விழுந்தால் அந்த மாடல் ஹேங்கரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.