'வில்'லுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சீட்: அட்வெர்பை எங்கே உட்கார வைப்பது?

2009 ஜனவரி 20. பராக் ஒபாமா முதல் தடவையாக அமெரிக்க அதிபர் பதவி ஏற்கிறார். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுப்பவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், கையில் தாள் இல்லை, நினைவிலிருந்தே சொல்கிறார். அரசியல் சாசனத்தில் இருக்கும் வாசகம் "ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட் த ஆஃபிஸ்" என்று போகும். ராபர்ட்ஸ் அந்த 'ஃபெய்த்ஃபுலி'யை நடுவில் சொல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ஒபாமா பாதியில் நின்றார், ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்தார், இரண்டு பேரும் தடுமாறி எப்படியோ முடித்தார்கள். எதற்கு வம்பு என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் வைத்து உறுதிமொழியை மறுபடியும் எடுக்க வைத்தார்கள். ஒரே ஒரு அட்வெர்ப் (விசுவாசமாக, கண்டிப்பாக மாதிரி வினைக்கு அடையாக வரும் சொல்) சீட் மாறி உட்கார்ந்ததுக்கு இவ்வளவு!

இலக்கணப்படி ராபர்ட்ஸ் சொன்னது தப்பில்லை. சாசன வாசகம் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தது என்பதால்தான் பிரச்சினை. ஆனால் அந்த நடு சீட் எவ்வளவு இயல்பான இடம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

நமக்கு ஏன் இது குழப்பம் என்றால், தமிழில் அந்த சீட்டே கிடையாது. 'வருவேன்', 'வரலாம்', 'வரமுடியும்' எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வரும், நடுவில் எதையும் செருக முடியாது. அதனால் 'கண்டிப்பா வருவேன்' என்று முன்னால் வைத்தே பழகிய வாய் ஆங்கிலத்திலும் "டெஃபினிட்லி ஐ வில் கம்" என்று ஆரம்பிக்கிறது. புரியும், ஆனால் காதுக்குக் கொஞ்சம் இடறும்.

படி 1: மோடலைக் கண்டுபிடியுங்கள்

கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். மோடல் என்கிற துணைவினைகளில் இந்த ஒன்பதும்தான் முக்கியம். இவற்றுக்குப் பிறகு வரும் வினை மொட்டையாக இருக்கும்: கம், கோ, ஈட். முன்னால் 'டு' வராது, பின்னால் 'எஸ்', 'இடி' ஒட்டாது.

படி 2: மோடலை அடுத்து அட்வெர்பைச் செருகுங்கள்

"ஐ வில் டெஃபினிட்லி கம்." "யூ ஷுட் ஆல்வேஸ் லாக் த டோர்." "வி மஸ்ட் நெவர் டச் தட் வயர்." "ஷி கேன் ஈஸிலி டூ இட்." ஆல்வேஸ், நெவர், ஆஃபன், யூஷுவலி, ப்ராபப்லி, ஆல்சோ, ஜஸ்ட், ஓன்லி மாதிரி சின்னச் சின்ன சொற்களுக்கு இதுதான் சொந்த இடம்.

இதில் 'ஆல்சோ'வைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் 'நானும் வருவேன்' என்கிறோம், அந்த 'உம்' 'நான்' மேலேயே ஒட்டிக்கொள்கிறது. உடனே "ஐ ஆல்சோ வில் கம்" என்று வந்துவிடும். "ஐ வில் ஆல்சோ கம்" என்று பழகுங்கள், அல்லது பேச்சில் "ஐ வில் கம் டூ" என்று முடித்துவிடுங்கள். 'ஓன்லி'யும் அப்படித்தான். 'நாளைக்குத்தான் வரமுடியும்' என்பதை நாம் "ஐ கேன் கம் டுமாரோ ஓன்லி" என்போம், 'தான்' எங்கே இருக்கிறதோ அங்கேயே ஓன்லி. அவர்கள் "ஐ கேன் ஓன்லி கம் டுமாரோ" என்பார்கள். ஓன்லி நடு சீட்டில் உட்கார்ந்திருக்கும், அழுத்தம் மட்டும் 'டுமாரோ' மேல் விழும்.

அப்போ "ஐ டெஃபினிட்லி வில் கம்" தப்பா? இல்லை. யாராவது 'நீயாவது வர்றதாவது' என்று கிண்டல் செய்யும்போது, 'வில்'லை அழுத்தி அப்படிச் சொல்லலாம். அப்புறம், மெயின் வெர்பை விட்டுவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொல்லும்போது நடு சீட்டே இல்லையே, அதனால் அட்வெர்ப் முன்னால் வந்துவிடும்: "வில் யூ கம்?" என்று கேட்டால் "ஐ ப்ராபப்லி வில்."

படி 3: கேள்வியா?

மோடல் முன்னால் ஓடிவிடும், அதை அடுத்து ஆள், அதற்கப்புறம்தான் அட்வெர்ப். "குட் யூ ஆல்சோ சென்ட் த பில்?" அவ்வளவுதான்.

படி 4: 'நாட்' வந்தால் உஷார்

இங்கேதான் நான் மாட்டியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை ஊரில் அக்கா பையனுக்குக் காதுகுத்து, வேலைக்கு வரவே முடியாது என்று டீம் லீடுக்கு மெசேஜ் போட்டேன்: "ஐ கான்ட் டெஃபினிட்லி கம் ஆன் சாட்டர்டே." கண்டிப்பாக முடியாது என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் படித்ததோ 'கண்டிப்பா வருவேன்னு சொல்ல முடியாது', அதாவது வந்தாலும் வரலாம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு போன் வருகிறது, நான் காதுகுத்துப் பந்தலில் இருக்கிறேன். தாய்மாமன் நான்தான், பையன் என் மடியில் அழுதுகொண்டிருக்கிறான், உட்கார்ந்தபடியே போனை எடுத்தேன்.

நான் எழுதியிருக்க வேண்டியது "ஐ டெஃபினிட்லி கான்ட் கம்." கான்ட், வோன்ட் என்று சுருக்கி எழுதும்போது உறுதியைச் சொல்லும் டெஃபினிட்லி, ப்ராபப்லி, சர்ட்டன்லி எல்லாம் மோடலுக்கு முன்னால் போய்விடும். "ஐ ப்ராபப்லி வோன்ட் கம்." சுருக்காமல் எழுதினால் பழையபடி நடு சீட்: "ஐ வில் ப்ராபப்லி நாட் கம்." 'ஸ்டில்'லும் 'கான்ட்'டுக்கு முன்னால்தான்: "ஐ ஸ்டில் கான்ட் ஃபைண்ட் த கீ."

சில சொற்கள் இரண்டு பக்கமும் உட்காரும், ஆனால் அர்த்தம் மாறும். போனில் "ஐ ரியலி கான்ட் ஹியர் யூ" என்றால் சுத்தமாகக் கேட்கவில்லை. "ஐ கான்ட் ரியலி ஹியர் யூ" என்றால் ஏதோ கேட்கிறது, சரியாகக் கேட்கவில்லை. "ஐ ஜஸ்ட் கான்ட் லீவ்" என்றால் என்னால் கிளம்பவே முடியவில்லை. "யூ கான்ட் ஜஸ்ட் லீவ்" என்றால் நீ பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட முடியாது. எது எதை மறுக்கிறது என்று பாருங்கள்: 'நாட்'டுக்குப் பின்னால் வருகிற சொல் அந்த மறுப்புக்குள் மாட்டிக்கொள்கிறது, முன்னால் நிற்பது தப்பித்துவிடுகிறது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் என் சனிக்கிழமை உங்களுக்கு வராது.

படி 5: 'ஹேவ்', 'பி' கூட வந்தால்

"ஷி மைட் ஆல்ரெடி ஹேவ் லெஃப்ட்", "ஷி மைட் ஹேவ் ஆல்ரெடி லெஃப்ட்", இரண்டும் சரி. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிற அட்வெர்ப், 'பி'யைத் தாண்டி மெயின் வெர்ப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும்: "த பில் மஸ்ட் பி கேர்ஃபுலி செக்ட்."

படி 6: யாருக்கு இந்த சீட் கிடையாது?

நேரமும் இடமும். "ஐ வில் டுமாரோ கம்" என்பது அப்படியே நம் 'நாளைக்கு வருவேன்'. டுமாரோ, யெஸ்டர்டே, ஹியர் எல்லாம் கடைசிக்குப் போகட்டும். வெல், ஃபாஸ்ட், ஹார்ட் மூன்றும் கடைசிதான்: "ஹி கேன் ரன் ஃபாஸ்ட்." ஆனால் 'ஹார்ட்லி' வேறு ஆள், "ஐ கேன் ஹார்ட்லி வாக்" என்றால் நடக்கவே முடியாத குறை. அதேபோல வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் எதையும் செருகாதீர்கள். "ஐ வில் ஃபினிஷ் குயிக்லி த வொர்க்" வேண்டாம், "ஐ வில் குயிக்லி ஃபினிஷ் த வொர்க்" என்றோ, குயிக்லியைக் கடைசியில் வைத்தோ எழுதுங்கள்.

மோடலையும் வினையையும் பிரிக்கவே கூடாது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு பழைய நம்பிக்கை ஆங்கிலத்தில் உண்டு, ராபர்ட்ஸ் தடுமாறியதே அதனால்தான் இருக்கும் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அப்போது எழுதினார். நம் குடியரசுத் தலைவர் எடுக்கும் உறுதிமொழியிலேயே, அரசியல் சாசனத்தின் 60-வது பிரிவில், "வில் டு த பெஸ்ட் ஆஃப் மை அபிலிட்டி ப்ரிசர்வ்" என்று வில்லுக்கும் ப்ரிசர்வுக்கும் நடுவில் ஆறு சொற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

சரி, மூன்று வாக்கியம் தருகிறேன், விடையைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நீ எப்பவும் ஹெல்மெட் போடணும்.' 'அவர் இன்னும் தூங்கிக்கொண்டு இருக்கலாம்.' 'நான் அனேகமாக வரமாட்டேன்.'

விடை: "யூ ஷுட் ஆல்வேஸ் வேர் எ ஹெல்மெட்." "ஹி மைட் ஸ்டில் பி ஸ்லீப்பிங்." மூன்றாவதுக்கு "ஐ ப்ராபப்லி வோன்ட் கம்." அதை "ஐ வோன்ட் ப்ராபப்லி கம்" என்று சொன்னவர்கள் படி 4-க்குத் திரும்பிப் போங்கள், காதுகுத்துப் பந்தலில் பார்க்கலாம்.