ஆன்டிகார்டியோலிப்பின் பாசிட்டிவா? ரிப்போர்ட்டை இப்படிப் படியுங்கள்

கரு கலைந்த பிறகு எழுதித்தரும் நீளமான ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏசிஎல் (ஆன்டிகார்டியோலிப்பின்) அல்லது ஏபிஎல்ஏ (ஆன்டிபாஸ்போலிப்பிட்) என்று ஒன்று இருக்கும். நம் உடலின் கொழுப்புப் பொருளையே எதிர்க்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இது. ரிப்போர்ட்டில் அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பாசிட்டிவ் என்ற சொல்லை விடுங்கள், முதலில் எண்ணைப் பாருங்கள்.

இந்த ஆன்டிபாடியின் ஐஜிஜி வகையை ஜிபிஎல் என்ற அலகிலும், ஐஜிஎம் வகையை எம்பிஎல் என்ற அலகிலும் போட்டிருப்பார்கள். லேப் தன்னுடைய கிட்டுக்கு ஏற்ப ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அடித்துவிடும். ஆனால் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் (ஏபிஎஸ்), அதாவது இந்த ஆன்டிபாடிகளால் ரத்தம் உறைவதும் கரு கலைவதும் நேரும் நோய், என்று முடிவுகட்ட 2006இல் வகுத்த அளவுகோலின்படி 40க்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை. ஐஜிஎம் மட்டும் 18 என்று வந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை ஆரம்பிப்பது அவசரம் என்பது என் கருத்து. ஐஜிஜி 80ஐத் தாண்டி நின்றால் விஷயம் வேறு.

12 வாரம் எதற்கு? சிபிலிஸ் (உடலுறவால் பரவும் மேகநோய்), எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி, தொழுநோய் போன்ற தொற்றுகளிலும், சில மருந்துகளாலும்கூட இந்த ஆன்டிபாடி தலைகாட்டும். தொற்றால் வருவது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், ரத்தத்தை உறையவைப்பதும் அபூர்வம்.

அப்புறம், இதை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற இதே குடும்பத்துச் சோதனைகள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு ரத்தம் கொடுப்பதை ஹெப்பாரின் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், ஊசி போட்டபின் எடுத்தால் முடிவு குழம்பலாம்.

ஒரு பழைய சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸைக் கண்டறிய வழக்கமாக எடுக்கும் விடிஆர்எல் சோதனையில் பயன்படுவதே மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கார்டியோலிப்பின்தான். அதனால் ஏபிஎஸ் உள்ள பெண்ணுக்குச் சிபிலிஸ் இல்லாமலே அது பாசிட்டிவ் காட்டலாம். சிபிலிஸுக்கான டிபிஎச்ஏ என்ற அடுத்த சோதனையை எடுத்து உறுதிசெய்யும் முன் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வேண்டாம்.

கருச்சிதைவோடு ஏபிஎஸ் முடிவதில்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டுவது, சின்ன வயதில் பக்கவாதம், ரத்தத் தட்டணுக்கள் குறைவது, தோலில் வலைபோல ஊதா நிறக் கோடுகள் என்று பல இடங்களில் தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களிடம் இந்த ஆன்டிபாடிகள் அடிக்கடி காணப்படும், எனவே மூட்டுவலி, வாய்ப்புண், முகத்தில் தடிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியவை: 10 வாரத்துக்குள் தொடர்ந்து மூன்று முறை கரு கலைந்தது, 10 வாரத்துக்குப் பின் குறையில்லாத ஒரு சிசு வயிற்றிலேயே இறந்தது, கடுமையான ரத்த அழுத்தத்தாலோ நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததாலோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவமானது. ரத்தக்கட்டு மட்டுமே காரணமல்ல, இந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியின் செல்களையே தாக்கிக் கரு சரியாகப் பதியவிடாமல் செய்கின்றன.

ஏபிஎஸ் உறுதியானால் வழக்கமான சிகிச்சை குறைந்த அளவு ஆஸ்பிரினும் தினசரி ஹெப்பாரின் ஊசியும். ஊசியைத் தொப்புளிலிருந்து தள்ளி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். மருந்து நிரப்பி வரும் சிரிஞ்சை முழுதாகப் போடுவதாக இருந்தால் அதிலுள்ள காற்றுக்குமிழை வெளியே தள்ள வேண்டாம். குத்திய இடத்தைத் தேய்த்தால் நீலம் பாரிக்கும். தினம் இடத்தை மாற்றுங்கள். ஏற்கனவே ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாள் தள்ளிப்போனதும் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆரம்ப வாரங்களில் அது சிசுவுக்குக் கேடு.

பிரசவ வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசி ஊசி போட்ட நேரத்தை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள், வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட, ஹெப்பாரினின் வழக்கமான தடுப்பு அளவுக்கே 12 மணி நேர இடைவெளி வேண்டும். குழந்தை பிறந்த பின்னும் பெரும்பாலும் 6 வாரம் ஹெப்பாரின் தொடரும், தாய்ப்பால் கொடுக்கலாம். கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது, காப்பர்-டி பற்றிக் கேளுங்கள்.