சம்பந்தி வீட்டு ஐரிஷ் தாத்தாவ தேடணுமா, கப்பல் லிஸ்ட்ட விட்டுட்டு பத்திரத்த புடிங்க

நான் காட்பாடில பத்திரம் எழுதுறவன். எங்க அண்ணன் பொண்ணு அமெரிக்கால கட்டிகினது ஐரிஷ் வம்சத்து பையன், அவங்க முன்னோர் 1740 வாக்குல அயர்லாந்துல இருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தாங்களாம், "சித்தப்பா உங்களுக்குதான் பழைய பத்திரம் படிக்க வருமே"ன்னு அவங்கள தேடுற வேலைய என் தலைல கட்டிட்டா.

நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க, கப்பல்ல வந்தவங்க பேர் லிஸ்ட்லயே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. பிலடெல்பியால 1727ல இருந்து ஜெர்மன்காரங்க பேர பதிஞ்சாங்க, ஏன்னா அவங்க வெளிநாட்டுக்காரங்க. ஐரிஷ் ஆளுங்க பிரிட்டிஷ் ராஜாவோட குடிங்கதானே, அவங்கள யாரு எழுதுனா? லிஸ்ட் குடுக்கணும்னு நாடு முழுக்க சட்டம் அமலுக்கு வந்ததே 1820லதான். சரி அயர்லாந்து பக்கம் போவோம்னா 1922ல டப்ளின் ரெக்கார்டு ஆபீஸ் எரிஞ்சு உயிலு, பழைய சென்சஸ் முக்கால்வாசி சாம்பலு.

அதனால நெலத்த புடிங்க. ஃபேமிலிசர்ச் சைட்ல ஃப்ரீயா அக்கவுண்ட் போட்டு, அவங்க இருந்த கவுன்ட்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) பத்திர வால்யூம தொறங்க. சர்வே நம்பர் கெடையாது, வெள்ளை ஓக் மரத்துல இருந்து இத்தன போல் வடக்கே, இன்னாரு நெலம் வரைக்கும்னு போகும், ஒரு போல்னா பதினாறரை அடி. சக்குபந்திய, அதாவது நாலு பக்கமும் யாரு நெலம்னு எழுதுற எல்லை விவரத்த, தாண்டி போயிடாதீங்க, பக்கத்து நெலத்துக்காரன் பாதி நேரம் மாமனாராவோ மச்சானாவோ இருப்பான், நம்ம குடியாத்தம் பக்கம் மாதிரியேதான்.

வித்த பத்திரம் கெடைச்சா லட்டு. பொண்டாட்டிய தனியா கூப்ட்டு, புருஷன் மிரட்டலயே, சம்மதம்தானான்னு கேட்டு எழுதுற வழக்கம் அப்போ பிரிட்டிஷ் ஆட்சில இருந்த பல அமெரிக்க காலனில இருந்துச்சு, ஏன்னா அவன் செத்தா மூணுல ஒரு பங்குல அந்தம்மாவுக்கு பாத்தியதை உண்டு. அவங்க பேரு பல சமயம் அங்கதான் கெடைக்கும்.

அப்புறம் உயில். மூத்த பையனுக்கு அப்பா வழி தாத்தா பேரு, ரெண்டாவதுக்கு அம்மா வழி தாத்தா பேருன்னு நெறைய வீட்ல வச்சாங்க, நம்ம ஊர்ல பேரன்னு சொல்றோமே அதே கதைதான். ஆனா தேதில உஷாரு. அப்பன் செத்தது நவம்பர் 1741, உயில கோர்ட்ல குடுத்தது பிப்ரவரி 1741னு வந்து எனக்கு தல சுத்திடுச்சு, 1752க்கு முன்னாடி அவங்களுக்கு மார்ச் 25தான் வருஷப்பொறப்பு, அந்த பிப்ரவரி நம்ம கணக்குல 1742.

வால்யூம், பக்க நம்பர் ரெண்டும் நோட்ல எழுதிக்கங்க, நான் எழுதாம விட்டு ஒரு பத்திரத்த இன்னும் தேடிகினே கீறேன்.