‘ஜன்னல்’ எந்தக் கப்பலில் வந்தது? ஒரு சொல்லைத் துரத்திப் பிடிக்கும் வழி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். போன மே மாதம் கரண்ட் போன ஒரு நாள், ஜன்னலுக்கான ‘ஃபெனெத்ர்’ என்ற சொல்லைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். “மிஸ், முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க” என்றான் எட்டாவது படிக்கும் ஒரு பையன். திறந்தேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. “நம்மள ஆண்டது பிரெஞ்சுக்காரங்கதானே, அப்புறம் ஏன் மிஸ் ஜன்னல்னு சொல்றோம்?”

சமஸ்கிருதத்தில் ஜாலம் என்றால் வலை, வலை மாதிரி கம்பி போட்டிருப்பதால் ஜன்னல் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையே சொல்லிவிட்டேன். தப்பு. அன்றிரவு தேடிக் கற்றுக்கொண்ட வழிதான் இது.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜன்னல், சன்னல் என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள். வேற்றுமொழிச் சொல் என்றால் பொருளுக்கு முன்னால் மூலத்தைச் சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். இங்கே போர்ச்சுக்கீசிய ‘ஜனெலா’.

அகராதி சொன்னதோடு விட்டுவிடாமல் அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். மலையாளத்தில் ஜனல், வங்காளத்தில் ஜானாலா, சிங்களத்தில் ஜனேலய, மலாயில் ஜெண்டெலா. இத்தனை கரைகளிலும் இறங்கியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். வருஷத்தையும் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்தது 1674-இல். போர்ச்சுக்கீசியர்கள் அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே இந்தக் கரையில் வியாபாரம் செய்தவர்கள். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் இன்னொரு பெயரான ‘போர்ட்டோ நோவோ’ அவர்கள் மொழிதான். புதுத் துறைமுகம் என்று அர்த்தம்.

அப்புறம் வேரை நோக்கிப் போங்கள். லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. அதிலிருந்து ‘யானுவெல்லா’, குட்டிக் கதவு. அதுதான் ஜனெலா ஆயிற்று. வாசலைக் காக்கும் ரோமக் கடவுள் யானுஸ். அவர் பெயரில்தான் ஜனவரி மாதம். ஆக, ஜன்னலும் ஜனவரியும் பங்காளிகள். இதைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு. எழுப்பிச் சொல்ல வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

அடுத்து ஒரு தாளில் மற்ற மொழிகளை வரிசையாக எழுதுங்கள். லத்தீனில் ஜன்னலுக்கு வழக்கமான சொல் ‘ஃபெனெஸ்த்ரா’. இத்தாலியனில் ஃபினெஸ்த்ரா, ஜெர்மனில் ஃபென்ஸ்டர். பிரெஞ்சில் மட்டும் ‘ஸ்’ எங்கே? ஃபெனெத்ர் என்று எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தின் தலையில் தொப்பி போடுவோம். என் பிள்ளைகள் மறந்துவிட்டு மார்க்கை இழக்கும் அதே தொப்பி. செத்துப்போன ‘ஸ்’ஸுக்கு நட்ட நடுகல் அது. ஆஸ்பத்திரிக்கான பிரெஞ்சுச் சொல் ‘ஒப்பித்தால்’. அதிலும் அதே தொப்பி உண்டு. ஆங்கிலத்து ‘ஹாஸ்பிட்டலில்’ அந்த ‘ஸ்’ இன்னும் உயிரோடிருக்கிறது. போர்ச்சுக்கீசியத்திலோ ஃபெனெஸ்த்ரா தேய்ந்து ‘ஃப்ரெஸ்தா’ ஆகி, வெறும் இடுக்கு என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. அதன் இடத்தைக் குட்டிக் கதவு பிடித்துக்கொண்டது.

ஓசையை நம்பி ஏமாறக் கூடாது. ஸ்பானிஷ் ‘வெந்தானா’, ஃபெனெஸ்த்ராவின் தங்கை போலத் தெரியும். ஆனால் அது காற்றுக்கான லத்தீன் சொல்லான ‘வெந்துஸ்’ வழி வந்தது. ஆங்கில ‘விண்டோ’ வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொண்டுவந்த ‘விந்தவுகா’, அதாவது காற்றின் கண். ரஷ்ய ‘அக்னோ’வுக்குள் இருப்பதும் கண்தான்.

இதைப் படித்ததும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. புகார் நகரத்து மாளிகைகளில் ‘மான்கண் காலதர்’ இருந்ததாக அதில் வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றும் கண்ணும் இங்கேயும் சேர்ந்தே நிற்கின்றன. உடனே வைக்கிங்குக்கும் புகாருக்கும் சம்பந்தம் பேசக் கிளம்பிவிடாதீர்கள். சுவரில் ஓட்டை போடுகிற எவனுக்கும் தோன்றக்கூடியதுதான் இது. பொருள் ஒத்துப்போனால் மட்டும் உறவாகாது. சொல் கைமாறிய தடம் வேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனிடம் என் தப்பை ஒப்புக்கொண்டேன். “அப்ப குசினி? அது பிரெஞ்சுதானே மிஸ்?” என்றான். எங்கள் பக்கம் சமையலறையைக் குசினி என்போம். பிரெஞ்சில் ‘குயிஸீன்’, போர்ச்சுக்கீசியத்தில் ‘குஸீஞா’. இரண்டும் பொருந்துகின்றன, இரண்டுக்கும் லத்தீன் வேரும் ஒன்றே. இந்த மாதிரி நேரத்தில், அந்தச் சொல் வேறு எந்த ஊரில் புழங்குகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் குசினிதான். அங்கே 1619-இல் ஆட்சியைப் பிடித்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதே இல்லை. அதனால் என் ஓட்டு போர்ச்சுக்கீசியத்துக்கு. இங்கே பிரெஞ்சும் கொஞ்சம் முட்டுக்கொடுத்திருக்கலாம்.

பையன் அரைமனதாகத் தலையாட்டினான். பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.