பக் நாயா, மால்டீஸா? டர்பனில் முதல்முறை நாய் வாங்குவோருக்கு

சிறிய வீட்டுக்கு ஏற்ற நாய் வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நம்மவர்கள் விசாரிக்கத் தொடங்கினால், பேச்சு பல நேரங்களில் பக், மால்டீஸ் என்ற இரண்டில் வந்து நிற்கும். இரண்டுமே மடியை விட்டு இறங்க மனமில்லாத இனங்கள். ஆகவே குணத்தை வைத்துத் தரம் பிரிப்பதைவிட, டர்பனின் புழுக்கத்தையும் உங்களால் ஒதுக்க முடிந்த நேரத்தையும் வைத்து முடிவெடுப்பதே முறை.

முதல் படியாக, வீட்டின் வெப்பத்தைக் கவனியுங்கள். நாய்க்கு நம்மைப்போல் வியர்த்து உடல் ஆறுவதில்லை. அது மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடற்கரைக் காற்றில் ஈரம் மிகும்போது அந்த வழியும் பாதி அடைபடுகிறது. முகம் தட்டையான பக்கிற்கு மூக்குத் துவாரங்கள் குறுகியும் வாயின் உட்கூரையான உள்ளண்ணம் நீண்டும் இருப்பதால், பலர் அழகென்று ரசிக்கும் அதன் குறட்டை பெரும்பாலும் மூச்சுக்கான போராட்டமே. பகலெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்லும் குடும்பம், மின்வெட்டில் நின்றுபோகும் ஏசியை நம்பிப் பக் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவதாக, சீப்பு பிடிக்க ஆள் உண்டா என்று பாருங்கள். மால்டீஸின் முடி அதிகம் உதிராது. ஆனால் நிற்காமல் வளரும். தினமும் வாராவிட்டால் காதுக்குப் பின்னும் முன்னங்கால் இடுக்கிலும் சிறு சிக்காகத் தொடங்கி, கம்பளித் துண்டுபோல் இறுகித் தோலையே இழுக்கும். என் பெரியம்மா வீட்டு நாய்க்கு அப்படி இறுகியதை மழித்தபோது, அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. குட்டையாகக் கத்தரித்து வைத்தால் வேலை வெகுவாகக் குறையும். பக்கின் முடியோ குட்டையானாலும் ஆண்டு முழுவதும் உதிரும். அதன் முக மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தவும் வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், 3 முதல் 4 கிலோ எடையே உள்ள மால்டீஸைத் தூக்கிக் கீழே போட்டுவிடும் ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். பக் 6 முதல் 8 கிலோ வரை கட்டுறுதியாக இருக்கும்.

அடுத்து, குட்டியைப் பார்க்கச் செல்லும்போது அதன் தாயையும் காட்டச் சொல்லுங்கள். தாய்ப் பக்கைச் சில நிமிடம் நடக்கவிட்டு, அருகில் அமர்ந்து மூச்சைக் கேளுங்கள். இரைச்சல் அடங்க நேரமானால், குட்டி எவ்வளவு அழகானாலும் திரும்பிவிடுங்கள். இங்கே "மால்டீஸ் பூடில்" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் கலப்பினங்களே. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தூய இனத்துக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள். விலங்கு நலச் சங்கமான எஸ்பிசிஏவின் காப்பகத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எந்த நாயானாலும், டர்பன் அமைந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் நிலவுவதால், 3 மாத வயதில் அதற்கான தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். சட்டமும் அதைக் கட்டாயமாக்குகிறது. நம் கறிச்சோற்றை ஊட்டாதீர்கள், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். உண்ணிக்கான மருந்தையும் தவறவிடாதீர்கள். உண்ணியால் பரவும் பிலியரி நோயும் சிவப்பணுக்களையே அழிப்பதால், நாய் சோர்ந்து படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். அது வெளுத்திருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.