மலைக்குப் பின்னால் ஏன் பாலைவனம்? வரைபடத்தை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம்

மலை மேகத்தைத் தடுத்துவிடுகிறது, அதனால் அந்தப் பக்கம் மழை இல்லை, பாலைவனம் ஆகிவிட்டது. பள்ளியில் இப்படித்தான் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மேகம் மலையோடு நின்றுவிடலாம், காற்று நிற்பதில்லை. அது உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிறது, இறங்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால்தான் பாலைவனம் புரியும். மலைகள் காட்டும் ஒரு உலக வரைபடமும் பேப்பர் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மலைக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். தோராயமான விதி இது: நிலநடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி அட்சம் வரை, வடக்கானாலும் தெற்கானாலும், காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் (வியாபாரக் காற்று). 30 முதல் 60 டிகிரி வரை மேற்கிலிருந்து வரும் (மேலைக்காற்று). பருவக்காற்று வீசும் இடங்களுக்கு இந்த விதி சரிவராது, அங்கே பருவத்துக்குப் பருவம் திசையைப் பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஆண்டிஸ் மலைத்தொடரைப் போல ஒரு இடம் கிடையாது. தென் அமெரிக்காவின் மேற்கு ஓரமாக வடக்கிலிருந்து தெற்கு வரை நீண்டு கிடக்கிறது. சுமார் 20 டிகிரி தெற்கு அட்சத்தில் விரலை வையுங்கள். ஈரக்காற்று கிழக்கே அமேசான் பக்கமிருந்து வருகிறது, கிழக்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது, மேற்கே கடலை ஒட்டி அட்டகாமா பாலைவனம். விரலை எடுக்காமல் அதே மலையோடு தெற்கே 45 டிகிரி வரை வாருங்கள். இங்கே காற்று பசிபிக் கடலிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து. சிலியின் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. மலையைத் தாண்டினால் அர்ஜென்டினாவின் படகோனியா, அங்கே பல இடங்களில் 200 மி.மீ.கூடத் தேறாது. மலை ஒன்றுதான். காற்று வரும் பக்கம் மாறியது, வறட்சியும் பக்கம் மாறிவிட்டது.

படி 2: மலை குறுக்கே நிற்கிறதா?

காற்று வரும் வழியில் கடலோ வேறு ஈரமான பகுதியோ இருக்க வேண்டும், அந்த வழியை மலை குறுக்காக மறிக்க வேண்டும். உயரம் மட்டும் போதாது. ராஜஸ்தானின் ஆரவல்லி, அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்றின் திசையோடு கிட்டத்தட்ட இணையாக ஓடுகிறது, காற்று அதன் மேல் ஏறாமல் பக்கவாட்டிலேயே போய்விடுகிறது.

படி 3: காற்றை மேலே ஏற்றுங்கள்

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிவதால் குளிரும். மேகம் உண்டாகாத வரை ஒரு கி.மீ. ஏறினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறையும். மேகம் உண்டாகத் தொடங்கியதும் நீராவி நீர்த்துளியாக மாறுகிறது, மாறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது (இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்), அதனால் அதற்குமேல் குளிர்வது மெதுவாகி கி.மீ.க்கு 6 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இந்த 10-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, கடல் மட்டத்தில் 25 டிகிரியில், 60 சதவீத ஒப்பு ஈரப்பதத்தோடு (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) காற்று வருகிறது. மலை 3 கி.மீ. உயரம். முதல் 1 கி.மீ.யில் 10 டிகிரி குறைந்து 15 ஆகும்போது மேகம் கூடுகிறது. மீதி 2 கி.மீ.க்கு 12 டிகிரி குறையும். உச்சியில் 3 டிகிரி. வழியெல்லாம் மழை.

படி 4: இப்போது கீழே இறக்குங்கள்

இறங்கும் காற்று அழுத்தப்படுகிறது, அழுத்தப்படுவதால் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். நீர் மழையாகப் போய்விட்டது, மிச்சமிருக்கும் மேகமும் இறங்கத் தொடங்கியதுமே கரைந்துவிடும், ஆகவே வழிநெடுக கி.மீ.க்கு 10 டிகிரி கணக்குதான். 3 கி.மீ.க்கு 30 டிகிரி. 3 + 30 = 33.

25 டிகிரியில் ஏறிய காற்று 33 டிகிரியில் இறங்கியிருக்கிறது! அந்தக் கூடுதல் 8 டிகிரி எங்கிருந்து வந்தது? மழை அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அந்த நீராவி விட்டுச்சென்ற வெப்பம் மட்டும் காற்றோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒப்பு ஈரப்பதமும் 60-லிருந்து ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அதாவது இந்தக் காற்று மழை தராதது மட்டுமில்லை, மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் இது பலமுறை நடக்கிறது. பசிபிக் காற்று கடலோர மலைகள், சியரா நெவாடா, கடைசியாகப் பனமின்ட் மலை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வருகிறது. சியரா நெவாடாவின் உயர்ந்த சிகரமான விட்னி 4,421 மீட்டர். பள்ளத்தாக்கின் அடித்தளமோ கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர் வரை போகிறது. அவ்வளவு ஆழம் இறங்கும் காற்று எவ்வளவு சூடாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 5: மலைதான் காரணமா என்று சரிபாருங்கள்

எல்லாப் பாலைவனத்துக்கும் மலை காரணமில்லை. சகாராவுக்கு முக்கியக் காரணம், நிலநடுக்கோட்டுப் பக்கம் மேலெழுந்த காற்று 20, 30 டிகிரி அட்சங்களில் கீழிறங்குவது. சூடாவது அதே முறையில்தான், இறக்கிவிட மலை தேவைப்படவில்லை. நமீப் பாலைவனத்தில் பெங்குவேலா குளிர் நீரோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அட்டகாமாவில் மலை, கீழிறங்கும் காற்று, ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன, அதனால்தான் அது அப்படி வறண்டு கிடக்கிறது. தக்லமக்கான் வேறு மாதிரி: வடக்கே தியான் ஷான், தெற்கே குன்லுன், மேற்கே பாமிர் என மூன்று பக்கமும் மலை, கடலோ வெகு தூரம்.

படி 6: நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

நியூசிலாந்தின் தென் தீவை எடுங்கள். சுமார் 45 டிகிரி தெற்கு அட்சம், நடுவே தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். எந்தக் கரை நனையும், எந்தப் பக்கம் காயும் என்று முதலில் பேப்பரில் எழுதிவிட்டு, அப்புறம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். விடை: மேற்குக் கரையில் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்குக் கிழக்கே மத்திய ஒட்டாகோவின் அலெக்சாண்ட்ராவில் 400 மி.மீ.கூட எட்டுவதில்லை.