'ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க டாக்டர்'

திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும், சளி விட்டபாடில்லை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும் "ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க டாக்டர்" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது சீக்கிரம் தேற ஒரு வழி. டாக்டர் காதில் விழுவதோ 'ஆன்டிபயாட்டிக் வேண்டும்' என்று. வெளியே இன்னும் பதினைந்து பேர். வேண்டாம் என்று விளக்க ஐந்து நிமிடமாவது ஆகும், எழுதித்தர அரை நிமிடம் போதும்.

சளியும் தொண்டைவலியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். இது பலருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறோமே, ஏன்? "போன தடவை சாப்பிட்டேன், ரெண்டே நாளில் சரியாப்போச்சு." இந்த அனுபவம்தான் நம்மை ஏமாற்றுகிறது. சளி முதல் நாள் தொண்டைக் கரகரப்போடு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். இனித் தாங்காது என்று நாம் கிளினிக்குக்குப் போவதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு உடம்பு தானாகவே தேறத் தொடங்கும், பேர் மட்டும் மாத்திரைக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இருமல் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் குழப்பும். சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கினாலும் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும். பத்தாம் நாள் இருமிக்கொண்டே இன்னொரு கிளினிக்குக்குப் போய், "முதல் டாக்டர் கொடுத்த மருந்துக்குக் கேட்கலை" என்று சொன்னால், அடுத்தவர் கை ஆன்டிபயாட்டிக் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. பச்சைச் சளியும் அப்படித்தான். அந்த நிறம் கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. வைரஸ் சளியிலும் பச்சை வரும். நிறத்தை வைத்து மட்டும் மருந்தை முடிவுசெய்ய முடியாது.

அடுத்தது நம் வீட்டு மருந்துப் பெட்டி. சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித்தராமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்க முடியாது. ஆனால் ஊருக்குப் போய்வரும்போது மூன்று மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அட்டை பெட்டியில் ஏறிவிடுகிறது, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே. என் அத்தை அதைக் காய்ச்சல் வந்த பேரனுக்கும் பாதியாக உடைத்துத் தரப் போனார், நல்லவேளை தடுத்தோம். டெங்கி இருக்கும் ஊர் இது. அதுவும் வைரஸ்தான், இந்த மாத்திரை அதைத் தொடாது. மாத்திரை கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போவதுதான் ஆபத்து.

"சாப்பிட்டு வைப்போம், கெடுதலா என்ன?" என்பார்கள். வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை, எல்லாம் உண்டு. அதோடு, நம் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா மட்டும் பிழைத்துப் பெருகும். சில மாதங்கள்கூடத் தங்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க 2017இல் சிங்கப்பூர் வகுத்த தேசியச் செயல்திட்டம் மனிதர்களோடு கால்நடை, உணவு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

வயதானவர்கள் வீட்டில் இன்னொன்று நடக்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் பாக்டீரியா தெரிந்ததும் பதறிவிடுகிறோம். எரிச்சல், காய்ச்சல் என்று எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகள் கதை வேறு, அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும்.

டாக்டர்கள் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி ஆன்டிபயாட்டிக் கேட்கிறார் என்று ஊகிப்பதைவிட, "எதை நினைச்சுப் பயப்படுறீங்க?" என்று கேட்டுவிடலாம். "வைரஸ்தான், ஒண்ணுமில்லை" என்று அனுப்பினால் நோயாளிக்குக் கைவிட்டதுபோல இருக்கும். எத்தனை நாள் இழுக்கும், எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று சொன்னால் பலர் சமாதானமாகிவிடுவார்கள். தொண்டைவலி பாக்டீரியாவால் வந்திருக்குமா என்று கணிக்க, காய்ச்சல் இருப்பது, இருமல் இல்லாதது, டான்சில் மேல் வெள்ளைப் படலம், கழுத்து நெறிகட்டு எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஒரு எளிய மதிப்பெண் முறையும் இருக்கிறது.

நம் பக்கம்? "ஸ்ட்ராங்கா" என்பதற்குப் பதில் "இது பாக்டீரியாவா, ஆன்டிபயாட்டிக் இல்லாமல் சமாளிக்கலாமா?" என்று கேட்கலாம். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) தேவைப்பட்டால் அதையே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. மருந்து அதிகம் இருந்தால்தான் எம்சிக்கு நியாயம் என்றில்லை. தேவைப்பட்டு எழுதித்தந்தால் சொன்னபடி சாப்பிடுங்கள், மீத்து வைக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நாலைந்து நாள் விடாத காய்ச்சல், தேறிவந்த சளி திடீரென்று திரும்ப முற்றுவது என்றால் மட்டும் "வைரஸ்தானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.